ஏரவாடாவில் நிழல் மறையும் நாள்

ஜனவரி மாதத்து இரவு. ஏரவாடாவில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு ஒருவர் செல்போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். பாளையங்கோட்டையிலிருந்து தாய் கேட்கிறாள்:

"ஏய்யா, குரல் ஏன் நடுங்குது? காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லம்மா, குளிரு."

"இங்க ஃபேன் போடாம தூங்க முடியல. அங்கயும் இங்கயும் ஒரே சூரியன்தானய்யா?"

மகனுக்கு உடனே பதில் வரவில்லை. பக்கத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்த பேரன் போனை வாங்கிச் சொல்கிறான்: "ஆச்சி, குளிர்காலத்தில் பூமி சூரியனை விட்டுத் தூரமாகப் போய்விடும். அதனால்தான் குளிர்!"

இப்படியொரு பேச்சு நடக்காத தமிழ் வீடு புனேயில் குறைவு. கேட்பது பாமரக் கேள்விபோல் இருக்கிறது. ஆனால் பருவகாலங்களின் ரகசியம் முழுவதும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. பேரன் சொன்ன பதிலோ முற்றிலும் தவறு. படித்தவர்களிலும் பலர் அதைத்தான் சரியென்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தூரம் காரணமல்ல

பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல; சற்றே நீண்ட வட்டம். ஆகவே ஆண்டில் ஒரு சமயம் சூரியனுக்கு அருகிலும், இன்னொரு சமயம் தொலைவிலும் பூமி இருப்பது உண்மையே. ஆனால் அருகில் இருப்பது எப்போது? ஜனவரி மாத ஆரம்பத்தில்! அப்போது தூரம் சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர். தொலைவில் இருப்பது ஜூலை ஆரம்பத்தில். அப்போது சுமார் 15 கோடியே 20 லட்சம் கிலோமீட்டர்.

அதாவது, ஏரவாடாவாசி கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் நாட்களில்தான் சூரியன் நமக்கு மிக அருகில் இருக்கிறது. மொத்த பூமிக்கும் கிடைக்கும் வெயில் அப்போது ஜூலையைவிடச் சுமார் 7 சதவீதம் அதிகம். அப்படியிருந்தும் குளிர்கிறது.

இன்னொரு சாட்சியும் உண்டு. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் சந்ததியார் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழ்கிறார்கள். அங்கே தைப்பூசக் காவடி எடுப்பது கடும் கோடையில். மெல்போர்ன் தமிழர்களுக்கும் பொங்கல் கோடைப் பண்டிகைதான். தூரம்தான் காரணம் என்றால் ஒரே நாளில் ஏரவாடாவில் குளிரும் டர்பனில் வெயிலும் எப்படி இருக்க முடியும்? பூமி முழுவதும் ஒரே தூரத்தில்தானே இருக்கிறது?

எலுமிச்சம்பழமும் ஈர்க்குச்சியும்

உண்மைக் காரணம் பூமியின் சாய்வு. பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் அச்சு, அது சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நேர்குத்தாக இல்லை, சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வோடேயே அது ஆண்டு முழுவதும் சூரியனைச் சுற்றி வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு ஈர்க்குச்சியும் போதும். பழத்தின் காம்பிலிருந்து அடிவரை ஈர்க்குச்சியைச் செருகுங்கள். குச்சிதான் அச்சு. பழத்தின் நடுவே சுற்றிலும் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அது பூமத்திய ரேகை. அதற்கு மேலே இரண்டு புள்ளிகள்: கோட்டுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி, இன்னும் சற்று மேலே ஏரவாடா. அறையின் நடுவில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, குச்சியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விளக்கைச் சுற்றி நடங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. குச்சியின் மேல்நுனி எப்போதும் அறையின் ஒரே சுவரைத்தான் பார்க்க வேண்டும். நடக்கும்போது கையைத் திருப்பிவிட்டால் சோதனை கெட்டது.

சுற்றி வரும்போது பாருங்கள். ஓரிடத்தில் குச்சியின் மேல்நுனி விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஏரவாடாப் புள்ளிக்கு நேர்வெளிச்சம் கிடைக்கும். அது ஜூன் மாதம். அறையின் எதிர்ப்பக்கம் போனதும் அதே நுனி விளக்கை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். வெளிச்சம் சரிவாக விழும். பழத்தின் கீழ்ப்பாதிக்கு யோகம். அது டிசம்பர், டர்பனுக்குக் கோடை. இடைப்பட்ட இரண்டு இடங்களில் சாய்வு விளக்கை நோக்கியும் இல்லை, விலகியும் இல்லை. அவைதாம் மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் வரும் சம இராப்பகல் நாட்கள்.

குச்சி சாய்வது மாறவில்லை. விளக்கு இருக்கும் திசைதான் மாறுகிறது. பருவங்கள் மாறுவதன் சூட்சுமம் இவ்வளவே.

முற்றத்தில் ஒரு கம்பு

எலுமிச்சம்பழத்தில் பார்த்ததை ஏரவாடா முற்றத்திலேயே அளந்து பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரக் கம்பு ஒன்றைச் செங்குத்தாக நட்டு, உச்சிப்பொழுதில் அதன் நிழலை அளக்க வேண்டும். உச்சிப்பொழுது என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி அல்ல. இந்திய நேரம் அலகாபாத்துக்கு அருகே செல்லும் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவது. புனே அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய பன்னிரண்டரை மணி ஆகிவிடும்.

டிசம்பர் 22ஆம் தேதி வாக்கில் நிழல் சுமார் 90 சென்டிமீட்டர். ஏறக்குறையக் கம்பின் நீளம்! மார்ச் 21இல் அது 33 அல்லது 34 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். பிறகு நாளுக்கு நாள் குறைந்து மே 13, 14 தேதிகளில் நிழலே இல்லாமல் போகும். சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும். அன்று 12 மணி 31 நிமிடத்துக்குக் கம்பின் நிழல் கம்பின் காலடிக்குள்ளேயே மறைந்துகொள்ளும்.

அதற்குப் பின் நடப்பதுதான் வேடிக்கை. நிழல் தெற்குப் பக்கம் விழ ஆரம்பிக்கும்! ஜூன் 21இல் அது சுமார் 8, 9 சென்டிமீட்டர் தெற்கே நீண்டிருக்கும். காரணம், சூரியன் ஏரவாடாவைத் தாண்டி வடக்கே கடக ரேகை வரை போய்விட்டது. திரும்பி வரும் வழியில் ஜூலை 29, 30 வாக்கில் மீண்டும் ஒருமுறை நிழல் மறையும். ஆனால் அப்போது மழைக்காலம். மேகத்துக்குள் அது மறைவதை யாரும் காண்பதில்லை.

இதே சூரியன் வடக்கே வரும் வழியில் ஒவ்வோர் ஊராகத் தலைக்கு மேல் நின்றுவிட்டுத்தான் வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11. திருநெல்வேலியில் ஏப்ரல் 12. மதுரையில் ஏப்ரல் 16. சென்னையில் ஏப்ரல் 24, 25. பிறகு ஏரவாடா. ஊரிலிருந்து பிழைப்புக்காக வடக்கே கிளம்பியவர் ரயிலில் இரண்டு நாளில் வந்த தொலைவை, சூரியன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு வந்து சேருகிறது! டில்லிக்கோ அது ஒருபோதும் போவதில்லை. கடக ரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் நிழல் மறையும் நாளே கிடையாது.

சரிந்த வெயில், குறுகிய பகல்

நிழல் நீண்டால் குளிர்வது ஏன்? இருட்டில் ஒரு டார்ச் விளக்கைச் சுவருக்கு நேராக அடித்துப் பாருங்கள். வெளிச்சம் சின்ன வட்டமாகப் பளிச்சென்று விழும். அதையே சாய்த்து அடித்தால் வட்டம் நீண்டு மங்கிவிடும். வெளிச்சம் அதேதான், பரப்பு கூடிவிட்டதால் ஒவ்வோர் இடத்துக்கும் கிடைப்பது குறைந்துவிட்டது. டிசம்பர் மதியத்தில் ஏரவாடாவில் சூரியன் அடிவானிலிருந்து 48 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. நேர்வெயிலோடு ஒப்பிட்டால் தரைக்குக் கிடைப்பதில் கால் பங்கு நஷ்டம். அதே நாளில் திருநெல்வேலியில் சூரியன் 58 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அங்கே நஷ்டம் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இரண்டாவது நஷ்டம் பகல் குறைவது. டிசம்பரில் ஏரவாடாவில் சூரியன் காலை 7 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு மறைந்துவிடும். பகல் சுமார் 11 மணி நேரம். ஜூனில் 6 மணிக்கு உதித்து 7.13க்கு மறையும், பகல் 13 மணி 15 நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே கால் மணி நேரம். திருநெல்வேலியில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரம் மட்டுமே. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், "என்ன இது, காலை ஷிப்டுக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருக்கிறதே!" என்று ஜனவரியில் சலித்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

சூரியன் தரும் வெப்பத்தை இந்தியாவில் முறையாக அளந்து கணக்கெடுத்த பெருமை ஒரு பெண்மணிக்கு உரியது. திருவாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்தவர் அன்னா மணி. 1948இல் புனே வானிலை அலுவலகத்தின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து தருவித்த கருவிகளை நம்பியிருந்த காலத்தில், இங்கேயே கருவிகள் செய்ய வழி வகுத்தார். சர்வதேச பூகோள பௌதிக ஆண்டான 1957-58இல் நாடெங்கும் சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்களை ஏற்படுத்தினார். இன்று வீட்டுக் கூரைகளில் சோலார் பலகை வைப்பவர்களுக்கு, எந்த ஊரில் எந்த மாதத்தில் எவ்வளவு வெயில் என்று தெரிவதற்கு அடித்தளம் போட்டவர் அவர். அம்மையார் 2001இல் மறைந்தார்.

இனி தாயின் கேள்விக்கு மிச்சப் பதில். சாய்வு மட்டும் ஏரவாடாவின் குளிரை முழுவதும் விளக்கிவிடாது. புனே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருக்கும். பகலில் வாங்கிய கொஞ்ச வெப்பத்தையும் தரை நீண்ட இரவில் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேகமும் ஈரக்காற்றும் போர்வை மாதிரி. நெல்லைக்கு அந்தப் போர்வை இருக்கிறது, ஏரவாடாவுக்கு இல்லை. 1935ஆம் ஆண்டு ஜனவரி 17இல் புனேயில் வெப்பநிலை 1.7 டிகிரி வரை இறங்கியது.

இந்த இரவுக் குளிரை ஆராய்ந்தவர் பாலக்காட்டில் பிறந்த எல். ஏ. ராமதாஸ். காற்றில்லாத தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருக்கும் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். இல்லை, தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்று அவரும் ஆத்மநாதனும் 1932இல் புனே ஆய்விலிருந்து வெளியிட்டார்கள். முதலில் பலர் நம்பவில்லை. இன்று அந்தக் காற்றடுக்கு 'ராமதாஸ் அடுக்கு' என்றே உலகெங்கும் வழங்குகிறது.

சூரியன் போன பிறகும் சூடு

"சூரியன் சென்னைக்கு மேல் ஏப்ரல் 24இலேயே வந்து போய்விடுகிறதே, பின் ஏன் கத்திரி வெயில் மே மாதத்தில்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

அடுப்பில் வைத்த அண்டா தீயைக் கூட்டிய நிமிடமே கொதிப்பதில்லை. தீயைக் குறைத்த பிறகும் சற்று நேரம் கொதிக்கிறது. தரையும் அப்படியே. பெறும் வெப்பம் இழக்கும் வெப்பத்தைவிட அதிகமாக இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டே போகும். நாள்தோறும் இதைக் காணலாம்: ஏரவாடாவில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டரைக்கு, வெயிலின் கொடுமை உச்சத்தை எட்டுவதோ பிற்பகல் மூன்று மணி வாக்கில்.

கட்டட வேலையிலும் சாலை வேலையிலும் நிற்பவர்களுக்கு இது வெறும் ஏட்டறிவல்ல. மதிய உணவு முடிந்து இரண்டு மணிக்கு "வெயில் இறங்கிவிட்டது" என்று மறுபடியும் கம்பி கட்டக் கிளம்புகிறவர், நிழல் நீள்வதைப் பார்த்து ஏமாந்தவர். இறங்கியது சூரியன், சூடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பன்னிரண்டு முதல் நான்கு வரை கனமான வேலையைத் தள்ளிவைக்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். தகரக் கூரையின் கீழே இருக்கும் முதியோரும் குழந்தைகளும் அந்த நேரத்தில் மரநிழலுக்கு வந்துவிடுவதே மேல்.

புனேயில் இன்னொரு விசித்திரம். இங்கே சராசரியாக மிகச் சூடான மாதம் ஏப்ரல்தான். சூரியன் நேர் உச்சிக்கு வரும் மே அல்ல. 1897இல் 43.3 டிகிரி பதிவானதும் ஏப்ரல் 30இல்தான். மே மாதத்தில் மேற்கே கடலிலிருந்து ஈரக்காற்று தலைகாட்டத் தொடங்குவதால் வெயிலின் கை சற்றுத் தளர்கிறது. ஜூன், ஜூலையில் பகல் நீளமாக இருந்தும் மேகம் குடை பிடித்துவிடுகிறது.

ஒரு சாய்வு, இரண்டு மழை

அந்த மேகத்தைக் கொண்டுவருவதும் பூமியின் சாய்வுதான்.

வடகோளம் சூரியனை நோக்கிச் சாயும் மாதங்களில் இந்திய நிலப்பரப்பு கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. சூடான காற்று மேலெழும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று விரைகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கேயிருந்து புறப்படும் அந்தக் காற்று, ரேகையைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. நிலமும் கடலும் சூடேறும் வித்தியாசமே பருவக்காற்றுக்குக் காரணம் என்று 1686இல் எழுதியவர், வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலி. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்புவதை 1735இல் விளக்கியவர் ஜார்ஜ் ஹேட்லி.

ஜூன் முதல் வாரத்தில் கேரளத்தைத் தொட்ட தென்மேற்குப் பருவமழை இரண்டாம் வாரத்தில் புனேக்கு வந்து சேரும். சஹ்யாத்ரி மலை முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. லோனாவாலாவில் கொட்டித் தீர்த்தபின் மிச்சம்தான் ஏரவாடாவுக்கு. அதே மலைத்தொடர் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையாக நின்று தமிழ்நாட்டின் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால், இங்கே குடையோடு அலையும் ஜூலையில் அங்கே வெயில் காய்கிறது.

செப்டம்பர் 23க்குப் பின் சூரியன் தெற்கே போகிறது. நிலம் குளிர்கிறது, காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்கக் கடலில் ஈரம் ஏந்தி அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகக் கரையில் மழையாகப் பொழிகிறது. புனேக்கு அது நிலத்தின் மேலாகவே வந்து சேருவதால் மழையைக் கொண்டுவருவதில்லை. வானத்தைத் துடைத்துவிட்டுக் குளிருக்கு வழி விடுகிறது. ஊரில் ஐப்பசி அடைமழை, இங்கே போர்வை எடுக்கும் காலம். இரண்டும் ஒரே சாய்வின் வேலை.

இந்தப் பருவக்காற்றைக் கணிக்கும் பணியில் புனேக்குத் தனி இடம் உண்டு. 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. பின்னர் தலைமையகம் டில்லிக்குப் போனபோதிலும், சிவாஜிநகரில் உள்ள அந்தக் கட்டடத்தை ஊரார் 'சிம்லா ஆபீஸ்' என்றே அழைக்கிறார்கள்.

சிறைக்குள்ளிருந்து பார்த்த வானம்

பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்றால், எதை நோக்கிச் சாய்ந்திருக்கிறது? ஏரவாடாவிலிருந்தே அதைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்தவர்களில் ஒருவர் மகாத்மா காந்தி.

1932 ஜனவரியில் காந்தியடிகள் கைதாகி ஏரவாடா மத்திய சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். உடன் வல்லபபாய் படேல். பின்னர் மகாதேவ் தேசாயும் வந்து சேர்ந்தார். திறந்த முற்றத்தில் படுத்துறங்கிய அந்த நாட்களில் அவருக்கு நட்சத்திரங்களின் மேல் பெரும் ஆர்வம் பிறந்தது. காகா காலேல்கர் முன்பே விதைத்த ஆர்வம் அது. வானியல் நூல்களைப் படித்தார். தொலைநோக்கி வரவழைத்துப் பார்த்தார். வானத்தைப் பார்ப்பது பற்றி ஆசிரமவாசிகளுக்குச் சிறையிலிருந்தே கடிதங்கள் எழுதினார்.

அதே ஆண்டு செப்டம்பர் 20 முதல் 26 வரை அவர் அங்கே உண்ணாவிரதம் இருந்ததும், 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் உருவானதும், அம்பேத்கரோடு ராஜாஜி, இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகிய தமிழர்கள் அதில் கையெழுத்திட்டதும் சரித்திரம்.

அவர் பார்த்த வானம் இன்றும் ஏரவாடாவுக்கு மேலே இருக்கிறது. ஏப்ரல், மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்களே, அந்த வசிஷ்டர் இருக்கும் கூட்டம்தான். அதன் முன்னால் உள்ள புலகர், கிரது என்ற இரண்டு நட்சத்திரங்களையும் இணைத்துக் கோட்டை நீட்டினால் துருவ நட்சத்திரத்தில் போய் முடியும். பூமியின் அச்சு ஏறக்குறைய அதையே பார்க்கிறது. எலுமிச்சம்பழச் சோதனையில் ஈர்க்குச்சி பார்த்த சுவர் அதுதான். ஜனவரியிலும் ஜூனிலும் அது இடம் மாறுவதில்லை என்பதே, சாய்வு ஆண்டு முழுவதும் மாறவில்லை என்பதற்குச் சாட்சி.

கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானில் வைத்துப் பாருங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. ஏரவாடாவில் துருவ நட்சத்திரம் இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் கீழே நிற்கும். திருநெல்வேலியில் ஒரு முஷ்டிகூட இராது; தென்னந்தோப்பு மறைத்துவிடும். ஊரைவிட்டு எவ்வளவு வடக்கே வந்துவிட்டோம் என்பதை அந்த ஒரு முஷ்டி சொல்லிவிடும்.

உத்தராயணம் எப்போது?

தை முதல் நாளை நாம் பொங்கலாகவும், அக்கம்பக்கத்து மராட்டியர்கள் எள்ளுருண்டை கொடுத்து மகர சங்கராந்தியாகவும் கொண்டாடுகிறோம். சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணப் புண்ணியகாலம் என்கிறது பஞ்சாங்கம். ஆனால் முற்றத்துக் கம்பு வேறு சொல்கிறது. நிழல் மிக நீண்டிருப்பது டிசம்பர் 21, 22இல். மறுநாளிலிருந்தே அது சுருங்க ஆரம்பித்துவிடுகிறது. ஜனவரி 14க்குள் சூரியன் திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிடும்.

முன்னோர் பிழை செய்யவில்லை. சுழலும் பம்பரம் தலையை மெல்ல ஆட்டுவதைப்போலப் பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகிறது. நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நமது பஞ்சாங்க ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட 20 நிமிடம் அதிகம். 70 ஆண்டுகளுக்குச் சற்று மேல் சென்றால் ஒரு நாள் தள்ளிப்போகும். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் உத்தராயணமும் மகர சங்கராந்தியும் ஒன்றாகவே இருந்தன. மேகநாத் சாகா தலைமையிலான பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதை ஆராய்ந்தது. அதன் யோசனைப்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய காலண்டர், சம இராப்பகல் நாளை ஒட்டியே ஆண்டைத் தொடங்குகிறது. பண்டிகைகள் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கின்றன.

இரண்டு ஊர், இரண்டு கம்பு

ஒரே ஊரில் பிறந்து அங்கேயே வாழ்பவருக்கு ஒரே வெயில்தான் தெரியும். இரண்டு ஊர் வெயிலையும் உடம்பில் வாங்கியவர் பிழைக்க வந்தவர். அவரால் ஒரு காரியம் செய்ய முடியும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த காரியம் அது.

மார்ச் 21 அன்று ஏரவாடாவில் பேரன் ஒரு மீட்டர்க் கம்பு நடட்டும். பாளையங்கோட்டையில் அவன் சித்தப்பா மகள் ஒன்று நடட்டும். உச்சிப்பொழுதில், அதாவது நிழல் மிகக் குட்டையாக இருக்கும் வேளையில், இருவரும் அளக்கட்டும். இங்கே 33, 34 சென்டிமீட்டர்; அங்கே 15. கோணமானியில் வரைந்து பார்த்தால் முதலாவது பதினெட்டரை டிகிரி, இரண்டாவது ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஏறக்குறைய 10 டிகிரி, அதாவது முழுவட்டத்தில் 36இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையே நேர் தென்வடலாகத் தூரம் சுமார் 1,100 கிலோமீட்டர். அதை 36ஆல் பெருக்கினால் சுமார் 40,000 கிலோமீட்டர். அதுதான் பூமியின் சுற்றளவு! இரண்டு கம்பும் ஒரு போனும் போதும். பையனுக்கும் தூரக் கதை மறந்து சாய்வுக் கதை மனத்தில் நிற்கும்.

ஆச்சிக்கும் பதில் கிடைத்துவிட்டது. சூரியன் ஒன்றுதான், மகன் நிற்கும் இடம்தான் பத்து டிகிரி வடக்கே தள்ளிப்போய்விட்டது. அதனால் அவனுக்குக் குளிரில் இரவு நீளம், கோடையில் பகல் நீளம். ஆனால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரும் அந்த இரண்டு நாட்களில் மட்டும், ஏரவாடாவிலும் பாளையங்கோட்டையிலும் பகல் ஒரே அளவு. அடுத்த மார்ச்சில் அந்தத் தாய் போனில் பேசும்போது, "இன்னிக்கு உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே பகல்தாம்மா" என்று மகன் தைரியமாகச் சொல்லலாம்.